வீட்டு வீடியோவை மாற்ற எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் பழைய குடும்ப வீடியோக்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல விஷயம், எழுதியவருக்கு நன்றி. ஆனால் கடைசியில், “இணையதளங்களில் ஏற்றி மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்” என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். ஜனங்கள் மாட்டிக்கொள்வதே அந்த இரண்டு வரியில்தான். நான் சைதாப்பேட்டையில் பத்தொன்பது வருஷமாக ஜெராக்ஸ், டிடிபி, பிரவுசிங் கடை நடத்துகிறேன். மாட்டிக்கொண்டவர்கள் கடைசியில் என் கடைப் படியேறித்தான் வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, போன்ல ஓடுது, டிவியில போட்டா ஓட மாட்டேங்குது.” “மேடம், படம் வருது, சத்தம் வரல.” “கல்யாண டிவிடி இருக்கு, பிளேயர்தான் எடைக்குப் போயிடுச்சு.” வாரத்துக்கு நாலைந்து பேராவது இப்படி வந்து நிற்பார்கள்.

போன ஆடி மாதம் ஒரு அம்மா வந்தார். எழுபது வயதைத் தாண்டியிருக்கும். மஞ்சள் பையிலிருந்து ஒரு டிவிடியையும் ஒரு பென் டிரைவையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருடைய வீட்டுக்காரருக்கு 2009இல் நடந்த அறுபதாம் கல்யாணத்தின் டிவிடி அது. மனிதர் போன வருஷம் தவறிவிட்டார். முதல் வருஷத் திதிக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வரும்போது டிவியில் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. வேறொரு கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்து பென் டிரைவில் மாற்றி வாங்கியிருக்கிறார். வீட்டில் போட்டுப் பார்த்தால் திரை நடுவில் கொட்டை எழுத்தில் மென்பொருளின் பெயர். காசு கட்டாத டிரையல் பதிப்பில் மாற்றினால் அப்படித்தான் முத்திரை விழும். மாலையும் கழுத்துமாக அவர் உட்கார்ந்திருக்கிறார், முகத்துக்கு மேலே எழுத்து. கடைசி நிமிஷம் வரை அது நகரவே இல்லை. “அவரு மூஞ்சி தெரியலம்மா” என்றார் அந்த அம்மா. கோபமெல்லாம் இல்லை. தான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

டிவிடியைத் துடைத்து டிரைவில் போட்டேன். பதினைந்து வருஷத்துக்கு மேலான தட்டு. இரண்டு மூன்று இடத்தில் திணறிச் சத்தம் போட்டது, ஆனால் படித்துவிட்டது. முதலில் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டேன். என் சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவைச் செருகினேன், அதிலிருந்த ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைத் திறந்து அந்த ஃபோல்டரைக் காட்டினேன். எழுபது நிமிஷ வீடியோ, கால் மணி நேரத்தில் எம்பி4 ஆகிவிட்டது. லேமினேஷன் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன். சாப்பாட்டுப் பந்தியில் அவர் கேமராக்காரப் பையனைப் பார்த்து, “தம்பி, நீ சாப்ட்டியா?” என்று கேட்கிறார். “யாரப் பாத்தாலும் மொதல்ல இதத்தான் கேப்பாரு” என்று அந்த அம்மா திரையைத் தொட்டுச் சொன்னார்.

நான் பயன்படுத்தியது ஓசியில் கிடைக்கும் மென்பொருள். திருட்டுப் பதிப்பு அல்ல, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியவர்களே கொடுத்தது. என் கம்ப்யூட்டரில் அது இன்ஸ்டால் ஆகியும் இல்லை. பென் டிரைவிலிருந்து ஓடியது, வேலை முடிந்ததும் பென் டிரைவோடு வெளியே வந்துவிட்டது. உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இந்தச் செய்திதான்.

சாதாரணமாக ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்தால் அது விண்டோஸுக்குள் பல இடத்தில் கோப்புகளைப் பரப்பி வைக்கும், ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் பதிவேட்டில் பதியும், அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். சிலது கூடவே இன்னும் நாலு வேண்டாத சரக்கையும் இழுத்துவரும். போர்ட்டபிள் மென்பொருள் என்பது தனக்கு வேண்டியதையெல்லாம் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொண்டிருப்பது. டிபன் கேரியரோடு வருகிற விருந்தாளி மாதிரி. நம் அடுப்பைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டு கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஜிப் கோப்பை இறக்கி, பிரித்து, உள்ளே இருக்கும் கோப்பை டபுள் கிளிக் செய்தால் போதும்.

என் பென் டிரைவில் வீடியோ வேலைக்கென்று இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஹேண்ட்பிரேக். 2003இல் தொடங்கியது, 1.0 என்று எண் போட்டு வெளிவந்ததோ 2016 டிசம்பரில்தான். பதின்மூன்று வருஷம் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பொத்தான்கள் இருக்கும், முன்கூட்டியே தயார் செய்த அளவுகள் பட்டியலாக இருக்கும். நம் ஊர் டிவிடிக்கு ‘ஃபாஸ்ட் 576பி 25’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும், ஏனென்றால் நம் டிவிடி PAL என்ற டிவி முறையில் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். பழைய டிவிடியில் ஆள் நகரும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியுமே, அதை நீக்கவும் அதில் வசதி இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: புதிய பதிப்புகளுக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும், மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்ற துணைப்பொருளும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்க வேண்டும். அது இல்லாத கம்ப்யூட்டரில் போர்ட்டபிள் என்றாலும் திறக்காது.

இன்னொன்று எஃப்எஃப்எம்பெக் (FFmpeg). ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துக்கு ‘ஃபாஸ்ட் ஃபார்வர்டு’ என்று பொருள். காசு வாங்கும் பல கன்வர்ட்டர்களைத் திறந்து பார்த்தால் உள்ளே உழைத்துக்கொண்டிருப்பது இதுதான். ஹேண்ட்பிரேக்கும் இதன் பகுதிகளைப் பயன்படுத்துகிறது. நூறு எம்பி அளவில் ஒரே கோப்பு, பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் செருகி ஓட்டலாம். பொத்தான் ஒன்றும் இருக்காது, கறுப்பு ஜன்னலில் கட்டளை தட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் பயப்படுகிறார்கள். நானும் முதல் ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் பக்கத்துத் தெரு பாலிடெக்னிக் பையன் ஒரு வழி சொல்லிக் கொடுத்தான். கட்டளையை நோட்பேடில் ஒரு முறை எழுதி, பெயரின் கடைசியில் ‘பேட்’ (.bat) என்ற வால் வைத்துச் சேமித்துவிட்டால் போதும். வீடியோவை மவுஸால் இழுத்து அந்தக் கோப்பின் மேல் போட்டால் வேலை தானாக நடக்கும். இப்போது என்னிடம் அப்படி மூன்று குட்டிக் கோப்புகள் இருக்கின்றன. பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன்: ‘டிவிக்கு’, ‘வாட்ஸ்அப்புக்கு’, ‘டப்பா மாற்ற’. கடையில் உதவிக்கு இருக்கும் பெண் பத்தாவதுதான் படித்தவள், மூன்றையும் அவளே பார்த்துக்கொள்கிறாள்.

‘டப்பா மாற்ற’ என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேகத்தின் ரகசியம் முழுக்க அதில்தான் இருக்கிறது, ஆனால் யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்டிஎஸ் என்று கோப்பின் வாலில் பார்க்கிறோமே, அவையெல்லாம் பாத்திரத்தின் பெயர்கள். உள்ளே இருக்கும் மாவு, அதாவது படத்தையும் சத்தத்தையும் சுருக்கி வைத்திருக்கும் முறை, வேறு. படத்துக்கு எச்.264, எச்இவிசி, எம்பெக்-2 என்று ஒரு மாவு. சத்தத்துக்கு ஏஏசி, ஏசி3 என்று இன்னொரு மாவு. டிவி ஒரு வீடியோவை ஓட்ட மறுக்கிறது என்றால் பல நேரம் அதற்குப் பாத்திரம்தான் பிடிக்கவில்லை, மாவில் குறையே இல்லை. அப்போது மாவை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால் போதும், மறுபடி கிரைண்டரில் போட்டு அரைக்க வேண்டியதில்லை. எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் ‘மைனஸ் சி காப்பி’ (-c copy) என்று சேர்ப்பது இதற்காகத்தான். ஊற்றுவதற்கு, கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் காப்பி செய்ய ஆகும் நேரம்தான் ஆகும். அரைப்பதற்கு வீடியோவின் நீளத்தையும் கம்ப்யூட்டரின் பலத்தையும் பொறுத்துப் பல நிமிஷம், சமயத்தில் பல மணி நேரம் ஆகும்.

ஜாஃபர்கான்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். தங்கையின் வளைகாப்பை ஹேண்டிகேமில் எடுத்திருக்கிறார், பதினொரு எம்டிஎஸ் கோப்புகள். வீட்டில் ஏதோ ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்து ராத்திரி முழுக்க லேப்டாப்பை ஓடவிட்டிருக்கிறார். காலையில் ஏழு கோப்புதான் முடிந்திருக்கிறது. முடிந்ததும் கலங்கலாக இருந்தது. அந்த மாதிரி கேமராவில் படம் ஏற்கெனவே எச்.264இல்தான் இருக்கும், எம்பி4க்கு அப்படியே பொருந்தும். சத்தம் மட்டும் ஏசி3இல் இருக்கும், சில போன்களில் அது கேட்காது. அதனால் படத்தைத் தொடாமல் ஊற்றிவிட்டு, சத்தத்தை மட்டும் ஏஏசிக்கு மாற்றினேன். டீக்கடைப் பையன் டீ கொண்டுவந்து வைத்தான். அந்தத் தம்பி குடித்து முடிப்பதற்குள் பதினொன்றும் முடிந்தது, படத்தில் ஒரு புள்ளி குறையவில்லை. அவர் நம்பவே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அரைக்காமல் தப்பிப்பது வேகத்துக்காக மட்டும் அல்ல. ஜெராக்ஸ் கடைக்காரி என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். ஒரிஜினலிலிருந்து எடுத்த பிரதி பளிச்சென்று இருக்கும். அந்தப் பிரதியை வைத்து இன்னொன்று எடுத்தால் எழுத்தின் ஓரம் கரையும். நாலாவது பிரதியில் சர்வே நம்பரைப் படிக்கவே முடியாது. வீடியோவும் அப்படித்தான், ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் கொஞ்சம் போகும். அதனால் மாற்றியது நன்றாக ஓடினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

அரைத்தே ஆக வேண்டிய வீடியோக்களும் இருக்கின்றன. ஐபோன்கள் 2017க்குப் பிறகு வழக்கமாக எச்இவிசி முறையில் படம் எடுக்கின்றன, பழைய டிவிக்கு அந்த மாவு செரிக்காது. பழைய போன்களின் ‘.3gp’ என்ற வால் கொண்ட கோப்பும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் இன்டெல் குவிக் சிங்க் மாதிரி வீடியோவுக்கென்றே தனிப் பகுதி இருந்தால் – 2011 முதல் வந்த பல இன்டெல் சிப்புகளில் இருக்கிறது – ஹேண்ட்பிரேக்கில் அதைத் தேர்ந்தெடுத்து நேரத்தை நன்றாகக் குறைக்கலாம். அதே கோப்பு அளவுக்குத் தெளிவு ஒரு மாற்றுக் குறையும். தெருத் திருவிழா வீடியோவுக்கு அது போதும். இறந்துபோனவர்கள் இருக்கும் வீடியோ என்றால் நான் நிதானமான வழியில்தான் போவேன்.

‘.3gp’ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போன பொங்கலுக்கு முன்னால் ஒரு பையன் பழைய நோக்கியா போனின் மெமரி கார்டைக் கொண்டுவந்தான். அதில் அவனுடைய ஆயா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே அவனைத் திட்டும் வீடியோ ஒன்று இருந்தது. 48 நொடிதான். 176க்கு 144 புள்ளி, தீப்பெட்டி அளவுப் படம். ‘டிவிக்கு’ கோப்பின் மேல் இழுத்துப் போட்டேன், கறுப்பு ஜன்னல் திறந்த வேகத்தில் மூடிவிட்டது. அவ்வளவு சின்னதை அரைக்க நேரமே ஆகாது. “கிளியரா ஆக்க முடியாதாக்கா?” என்று கேட்டான். முடியாது தம்பி, இல்லாத புள்ளியை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது என்றேன். ஆனால் சத்தம் நன்றாக இருந்தது. முறத்தில் அரிசி விழும் சத்தம்கூடக் கேட்டது.

ஆன்லைன் கன்வர்ட்டர் தளங்களைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் சாதாரணமாக எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அங்கே மாற்ற வேண்டுமானால் முழு வீடியோவையும் ஏற்ற வேண்டும், அப்புறம் இறக்க வேண்டும். இரண்டு ஜிபி வீடியோ என்றால் ஏறுவதற்குள் அரை நாள் போய்விடும். நேரம் போனால்கூடப் பரவாயில்லை. ஒரு பெண் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழா வீடியோவை அப்படி ஏற்றிவிட்டு, பாதியில் நின்றுபோனதால் என்னிடம் வந்தார். “ஏத்தினது எங்க போச்சு, அழிஞ்சிருக்குமா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யாருடைய சர்வர், எந்த நாடு, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், ஒன்றும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வயசுக்கு வந்த பெண்ணின் வீடியோ அது. பென் டிரைவிலிருந்து ஓடும் மென்பொருளுக்கு இணையமே தேவையில்லை. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டும் மாற்றலாம். அந்தப் பெண்ணின் முன்னாலேயே பிடுங்கிவிட்டுத்தான் மாற்றிக் கொடுத்தேன். அவருக்கு ஏதோ ஒரு நிம்மதி.

இலவச மென்பொருளிலும் ஏமாறும் இடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கூகுளில் பெயரைத் தட்டினால் முதலில் வருவது சில நேரம் விளம்பரமாக இருக்கும், அதே பெயர், அதே படம், உள்ளே வேறு சரக்கு. உரிய தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். உரிய தளத்திலேயே ஒரு முறை கோளாறு நடந்திருக்கிறது. 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக்கின் மேக் பதிப்பை இறக்கித் தரும் சர்வர்களில் ஒன்றில் சில நாட்கள் வைரஸ் கலந்த கோப்பு இருந்தது. தெரிந்ததும் அவர்களே அறிவித்தார்கள். இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் நீளமாக ஒரு எண்-எழுத்துச் சரம் போட்டிருப்பார்கள். நாம் இறக்கிய கோப்பின் சரமும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம், விண்டோஸிலேயே ‘செர்ட்யூட்டில்’ (certutil) என்ற கட்டளை இருக்கிறது. பத்திரத்தை வாங்கியதும் வில்லங்கம் பார்ப்பது மாதிரிதான்.

பென் டிரைவை நாலு கம்ப்யூட்டரில் செருகினால் ஷார்ட்கட் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்யுங்கள். பென் டிரைவிலேயே வீடியோவை வைத்து அதிலேயே மாற்றினால் மந்தமாக இருக்கும். வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, முடிந்ததைக் கடைசியில் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். “எட்டு ஜிபி காலியா இருக்கு, அஞ்சு ஜிபி கல்யாண வீடியோ ஏற மாட்டேங்குது” என்று வருபவர்களின் பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும், அதில் ஒரே கோப்பு 4 ஜிபிக்கு மேல் ஏறாது. எக்ஸ்ஃபேட் என்ற புது முறைக்கு மாற்றலாம். பழைய டிவி சிலது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது என்பதால் நான் வீடியோவை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒரு முறை அரைத்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு 1996இல் கல்யாணம் ஆனது. வீடியோ கேசட் இருந்தது. அப்பா 2003இல் போய்விட்டார். அவர் நடந்து, பேசி, சிரித்து இருந்த ஒரே பதிவு அந்த கேசட்தான், என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது கை நடுங்குவது அதில் நன்றாகத் தெரியும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2015 டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்குள் அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. மறைமலை அடிகள் பாலத்துக்கு அருகில்தான் அப்போது குடியிருந்தோம். அலமாரியின் இரண்டாவது தட்டு வரை தண்ணீர், கேசட் முதல் தட்டில் இருந்தது. ஒரு வாரம் கழித்து எடுத்தேன். சின்ன கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளுக்கு நடுவில் சேறு. காயவைத்தேன். தை மாதம் மூடியைத் திறந்தபோது நாடா ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. இரண்டு இடத்தில் காட்டினேன், கை விரித்துவிட்டார்கள். தண்ணீரில் மிதந்த டிவிடிகளைக் கழுவித் துடைத்ததும் பெரும்பாலும் ஓடின. கேசட் ஓடவில்லை. அன்றையிலிருந்துதான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

டிவிடியும் நிரந்தரம் அல்ல. கல்யாண வீட்டில் எழுதிக் கொடுத்த தட்டுகள் பல இப்போது ஓரத்தில் நிறம் மாறிக்கொண்டிருக்கின்றன. புது லேப்டாப்களில் டிரைவும் கிடையாது. இன்னும் படிக்கிற நிலையில் இருப்பதை இப்போதே எடுத்துவிட வேண்டும்.

இந்த ஊரில் அதற்கு வசதி இல்லாதவர்கள் நிறையப் பேர். அரசு 2011இல் தொடங்கிக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. புது ஹேண்ட்பிரேக் அவற்றில் ஏறாது, ஆனால் எஃப்எஃப்எம்பெக்கின் பழைய 32 பிட் பதிப்பை என்னிடம் வந்த பழைய மடிக்கணினிகளில் போட்டு ஓட்டியிருக்கிறேன், ஓடியது. பள்ளிக்கூட லேபிலும் இதே கதைதான். பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் ஆண்டு விழா வீடியோவை ஸ்மார்ட் போர்டில் காட்ட முடியாமல் வந்தார். லேப் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது, அட்மின் பாஸ்வேர்டு வேறு எங்கோ இருக்கிறது. போர்ட்டபிளுக்கு அந்தப் பாஸ்வேர்டு தேவைப்படாது. ஆனாலும் நான் அவரிடம் சொன்னது: பூட்டியிருப்பதற்குக் காரணம் இருக்கும், தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செருகுங்கள். கேட்டார், சரி என்றார்கள், மறுநாள் பிள்ளைகள் தங்கள் கோலாட்டத்தைப் பெரிய திரையில் பார்த்தார்கள். அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். முடிகிறது என்பதற்காக அனுமதியில்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகுவது தப்பு. என் கடை மாதிரி பொது இடத்தில் செய்தால், முடித்த பிறகு கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். மென்பொருள் தடம் வைக்காவிட்டாலும் வீடியோ அங்கேயே கிடக்கும்.

உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இந்த மென்பொருள்களின் பொத்தான்கள், கட்டளைகள் எதுவும் தமிழில் இல்லை. எதை அழுத்தினால், எதைத் தட்டினால் என்ன ஆகும் என்று தமிழில், படத்தோடு, ஒரு முழுப் பக்கம் போடுங்கள். ஜனங்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள், கோலப் புத்தகத்தையும் ராசிபலனையும் வெட்டி வைப்பவர்கள்தானே. இன்னொன்று, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, பேட்டைக்குப் பேட்டை இருக்கும் கிளை நூலகங்கள், இ-சேவை மையங்கள், இங்கெல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இந்த ஃபோல்டரும் ஒரு டிவிடி டிரைவும் வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை வழியாகக் கேளுங்கள். மென்பொருளுக்கு ஒரு ரூபாய் ஆகாது. டிரைவ் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

“நம்ம பொழப்புலயே மண்ணள்ளிப் போடறியே” என்று என் தம்பி கோபித்துக்கொண்டான். ஒரு டிவிடிக்கு நூறு ரூபாய் வாங்குகிறேன், உண்மைதான். நேரம் இல்லாதவர்கள் எப்போதும் போல வருவார்கள். ஆனால் நூறு ரூபாயைப் பார்த்துத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் நிறைய, அவர்கள் வீட்டு டிவிடிக்கு என் கேசட் கதி வர வேண்டாம். சினிமாப் படம் மாற்றித் தரச் சொல்லி வருபவர்களுக்கு மட்டும் நான் செய்வதில்லை.

என் கடை முகவரியைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். கேட்டு எழுதும் வாசகர்களுக்குக் கொடுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் போதும், அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து தருகிறேன், காசு வேண்டாம். மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை கூட்டம் இருக்காது, உட்கார வைத்து ஒரு முறை செய்தும் காட்டுவேன். டிவிடி கொண்டு வருகிறவர்கள் உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நியூஸ் பேப்பரில் சுற்றினால் கீறல் விழுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
சைதாப்பேட்டை, சென்னை – 600 015